சுமைதாங்கிகள்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் பழைய வீதிகளின் ஓரங்களில், பெரும்பாலும் மரநிழலிலோ மடத்தின் அருகிலோ, மூன்று வகையான கட்டுமானங்கள் இன்றும் சிற்சில இடங்களில் எஞ்சி நிற்கின்றன. தலைச்சுமையோடு நடந்து செல்வோர் பிறர் துணையின்றி அதனை இறக்கிவைத்து இளைப்பாறுதற்கு ஏற்ற உயரத்தில் அமைந்தது சுமைதாங்கி. மேய்ச்சலுக்குச் சென்று மீளும் ஆவினங்கள் தம் உடலின் தினவு தீர உராய்ந்துகொள்வதற்காக நாட்டப்பெற்றது ஆவுரஞ்சிக் கல். அவை நீரருந்துவதற்கென அமைந்தது கேணி அல்லது தண்ணீர்த் தொட்டி. இவற்றை அமைத்தோரின் பெயர்கள் பெரும்பாலும் மறைந்துவிட்டன. ஆயினும், கருவுற்ற நிலையில் இறந்துபட்ட பெண்களின் நினைவாகச் சுமைதாங்கி நாட்டும் வழக்கம் இருந்தது என்னும் செய்தி ஒன்றே, இக்கற்களின் பின்னால் நின்ற மனத்தைக் காட்டப் போதுமானது. இறக்கப்படாமற் போன ஒரு சுமையின் பொருட்டு, வழியே செல்லும் எவரோ ஒருவரின் சுமையை இறக்கிவைக்க அவர்கள் இடஞ் செய்தனர்.

மாட்டின் தினவுக்குக் கல் நாட்டிய சமூகத்தை உயிரிரக்கம் அற்ற சமூகம் என்று எவரும் கூறமுடியாது. எனினும் அவ்விரக்கத்திற்கும் ஓர் எல்லை இருந்தது. பசு பால் தந்தது. எருது உழுதது, வண்டி இழுத்தது. பயன் தந்தவற்றுக்குச் செய்யும் கைம்மாறாகவே இரக்கம் பெரிதும் அமைந்தது. சுமப்பதையே தன் வாழ்வாகக் கொண்டிருந்தும் இவ்வரிசையில் இடம்பெறாத விலங்கு ஒன்று உண்டு. அது கழுதை.

தமிழிலக்கியத்துக்குக் கழுதை புதிய விலங்கன்று. மிளகுப் பொதிகளைச் சுமந்து, சுங்கம் கொள்ளும் பெருவழிகளிற் செல்லும் கழுதைச் சாத்துகளைப் பெரும்பாணாற்றுப்படை காட்டுகின்றது. அகநானூற்றுப் பாலைநிலப் பாடல்களிலும் வணிகரோடு கழுதைகள் நடக்கின்றன. அதே வேளையில், வென்ற வேந்தன் பகைவரின் நிலத்தைக் கழுதை பூட்டி உழுது பாழாக்கும் செய்தியைப் புறநானூறு தருகின்றது. வாணிகத்துக்கு முதுகு கொடுத்த விலங்கே அவமதிப்பின் கருவியாகவும் ஆக்கப்பட்டமை மனங்கொள்ளத்தக்கது. பிற்காலத்தில் அது மூதேவியின் ஊர்தி ஆயிற்று. குற்றவாளியின் முகத்திற் கரும்புள்ளி செம்புள்ளி குத்தி ஊர்வலம் விடுவதற்கும் கழுதையே வேண்டப்பட்டது. கற்பூர வாசனை அறியாதது என்றும், கெட்டாற் குட்டிச்சுவரையே நாடும் என்றும் பழமொழிகள் அதன்மேல் ஏறின. தமிழகத்தில் அது சுமந்தது பெரும்பாலும் ஊராரின் அழுக்குத் துணிப்பொதியை. ஊரின் அழுக்கை நீக்கிய மனிதரைத் தாழ்த்தி வைத்த சமூகம், அம்மனிதரின் விலங்கையும் உடன்வைத்துத் தாழ்த்தியது. இவ்வகையில், கழுதை மீதான ஏளனத்தின் வரலாறு உழைப்பு மீதான ஏளனத்தின் வரலாற்றில் ஒரு கிளையே எனலாம்.

இலங்கையில் இவ்விலங்கோடு இணைத்து நினைக்கப்படும் ஊர் மன்னார் ஆகும். பள்ளிமுனையில் நிற்கும் பெருக்க மரத்தைப் போலவே கழுதையும் அராபிய வணிகரோடு கடல்வழி வந்து சேர்ந்தது என்பது அங்கு வழங்கும் மரபு. அதன் பூர்வீகம் ஆபிரிக்கா என்பதில் ஐயமில்லை. ஏறத்தாழ 7,000 ஆண்டுகளுக்கு முன்னர் கிழக்காபிரிக்காவில் அது வீட்டுவிலங்காக்கப்பட்டது என 2022ஆம் ஆண்டு வெளிவந்த மரபணு ஆய்வொன்று நிறுவியுள்ளது. வரண்ட நிலமும் உப்புக்காற்றும் அதற்கு அந்நியமானவை அல்ல. மோட்டார் வாகனங்கள் பெருகியபோது பொதி சுமக்க அது வேண்டப்படவில்லை. எவருக்கும் வேண்டாத கழுதை எவருக்கும் உரியதல்லாததாயிற்று. நகரின் தெருக்களிலும் வெளிகளிலும் கூட்டங் கூட்டமாகத் திரிந்து, கிடைத்த புல்லையும், புல் இல்லாத காலத்திற் கழிவுக் குவியலிற் கிடப்பதையும் தின்று அது வாழ்கின்றது. உணவோடு பிளாஸ்திக்குப் பையும் வயிற்றுக்குட் செல்கின்றது. இரவில் வீதியின் நடுவே நிற்கும் கழுதைகள் வாகனங்களில் மோதுண்டு கால் முறிகின்றன. குட்டிகளை நாய்கள் கடித்துக் குதறுகின்றன. கால் முறிந்த மாட்டுக்கு ஓர் உரிமையாளன் வருவான், இறைச்சிக்கேனும் வருவான். கால் முறிந்த கழுதைக்கு வருபவர் எவருமில்லை.

அவ்வாறு எவருமில்லாத இடத்துக்கு வந்து நின்ற சிலரைப் பற்றியதே இக்கட்டுரை. விலங்குப் புகலிடங்களை நடத்துவோரைக் குறித்துப் பொதுவாக இரண்டு சித்திரங்கள் வழங்குகின்றன. ஒன்று, அவர்களை அன்பின் திருவுருவங்களாகத் தீட்டுவது. மற்றையது, வேலையற்ற செல்வரின் பொழுதுபோக்கு என எள்ளி ஒதுக்குவது. இரண்டுமே அவர்கள் செய்யும் வேலையைக் கண்ணாற் காணாதவர் தீட்டும் சித்திரங்களாகும். அவ்வேலையின் உண்மையான இயல்பை உணர்தற்குச் சில வரலாறுகளை நோக்குதல் தகும்.

1930ஆம் ஆண்டு டொரதி புரூக் என்னும் ஆங்கிலப் பெண்மணி கெய்ரோ நகருக்குச் சென்றார். அவருடைய கணவர் பிரித்தானியக் குதிரைப் படையின் உயரதிகாரி. முதலாம் உலகப் போரிற் பணிபுரிந்த ஆயிரக்கணக்கான குதிரைகள், போர் முடிந்ததும், ஊருக்குக் கொண்டு செல்லுஞ் செலவை மிச்சம் பிடிப்பதற்காக எகிப்திலேயே விற்கப்பட்டிருந்தன. பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, எலும்புந் தோலுமாய், சில கண்பார்வையும் இழந்து, அவை நகரத் தெருக்களில் வண்டி இழுத்துக்கொண்டிருந்தன. 1931இல் அவர் இலண்டன் நாளிதழொன்றுக்கு எழுதிய கடிதத்தைப் படித்த மக்கள் பணம் அனுப்பினர். ஏறத்தாழ மூன்றாண்டு காலத்துள் 5,000 குதிரைகளை அவர் விலை கொடுத்து மீட்டார்.

இவ்வரலாற்றின் இவ்வளவு பகுதி எவருக்கும் இனிக்கும். எஞ்சிய பகுதியோ கடினமானது. மீட்கப்பட்ட குதிரைகளுட் பெரும்பாலானவை பிழைக்கக்கூடிய நிலையைக் கடந்திருந்தன. அவற்றுக்கு நிழலும் நீரும் நல்ல தீனியும் சில நாள் ஓய்வும் கொடுத்த பின்னர், வலியின்றி உயிர் நீக்கச் செய்தார். ஒருவர் பெரும் பாடுபட்டுப் பணந் திரட்டி, உரியவனோடு பேரம் பேசி மீட்டுக்கொண்டு வந்த விலங்கை, மீட்ட அதே வாரத்தில் இறப்புக்கு அனுப்புதல் எத்தகைய நெஞ்சுரத்தை வேண்டி நிற்கும் என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும். உயிரைக் காப்பது மட்டுமே இரக்கம் என்று கருதுவோருக்கு இது முரண்பாடாகத் தோன்றும். ஆனால் அவர் தொடக்கத்திலேயே தம்மை ஒரு கேள்விக்கு உட்படுத்தியிருந்தார்: இவ்விலங்கை வைத்திருப்பது அதற்காகவா, அல்லது வைத்திருப்பவரின் மனநிறைவுக்காகவா? புகலிடம் நடத்துவோர் அனைவரும் நாள்தோறும் விடைகாண வேண்டிய கேள்வி இதுவே.

1934இல் அவர் கெய்ரோவில் முதிய போர்க் குதிரைகளின் நினைவாக ஒரு மருத்துவமனையை நிறுவினார். அங்கு போர்க் குதிரைகளுக்கு மட்டுமன்றி, நகரத்து ஏழை வண்டிக்காரரின் குதிரைகளுக்கும் கழுதைகளுக்கும் கட்டணமின்றிச் சிகிச்சை அளிக்கப்பட்டது. முதலில் அவர் கண்ணிற் பட்டது விலங்கின் துயரம். அதன் பின்னாலே நின்ற மனிதனின் வறுமை பின்னரே புலப்பட்டது. குதிரையை அடித்தவன் கொடியவனாக இருந்ததிலும் பசித்தவனாக இருந்ததே மிகுதி. அவனைத் தண்டித்துக் குதிரையைக் காக்க இயலாது. அவனுக்கும் துணையாக நின்றே அதனைக் காக்கவேண்டும் என்னும் அறிவு அம்மருத்துவமனையின் அத்திவாரம் ஆயிற்று.

கழுதைக்கென்றே வாழ்வை ஒப்படைத்தவர்களுள் நன்கறியப்பட்டவர் எலிசபெத் சுவெண்ட்சென் ஆவார். 1930இல் இங்கிலாந்தின் யோக்சயரிற் பிறந்த இவர் ஆசிரியையாகப் பயிற்சி பெற்றவர். நான்கு பிள்ளைகளின் தாய். கணவருடன் சேர்ந்து டெவனில் ஒரு விடுதியை நடத்திவந்த காலத்தில், 1969இல், ஒரு கழுதையை விலைக்கு வாங்கினார். அதன் பெயர் ‘நோட்டி பேஸ்’. ‘குறும்பு முகம்’ எனத் தமிழிற் சொல்லலாம். நல்ல இனக் கழுதைகளை வளர்த்துப் பெருக்குவதே அப்போது அவருடைய நோக்கமாக இருந்தது. எக்செற்றர் நகரச் சந்தைக்கு அவர் சென்ற நாள் அந்நோக்கத்தை மாற்றியது. ஒரு சிறிய பட்டிக்குள் ஏழு கழுதைகள் நலிந்த நிலையில் அடைக்கப்பட்டு விற்பனைக்கு நின்றன. அவற்றுள் மிக மோசமான நிலையில் இருந்த ஒன்றை வாங்க அவர் முற்பட்டும் இயலவில்லை. அதனை வேறொருவர் கொண்டுசென்றார். உலகில் வேண்டப்படாத கழுதைகள் இத்தனை இருக்கப் புதிய கழுதைகளைப் பிறப்பிப்பதில் என்ன பொருள் என்ற எண்ணத்தோடு அவர் வீடு திரும்பினார். அன்று தொட்டு அவர் வளர்ப்பவராக அன்றி மீட்பவராக ஆனார். 1973இல் அவருடைய புகலிடம் தரும நிறுவனமாகப் பதிவு பெற்றது.

1974இல் நிகழ்ந்த ஒரு நிகழ்ச்சி இத்தகைய பணியின் அழகையும் ஆபத்தையும் ஒருங்கே காட்டுவதாகும். வயலட் பில்பின் என்னும் முதிய பெண்மணி றெடிங் நகரை அடுத்து நெடுங்காலமாகக் கழுதைகளைக் காத்து வந்தவர். அவர் இறந்தபோது, தம் உயிலில், தம்மிடமிருந்த 204 கழுதைகளையும் சுவெண்ட்செனுக்கு விட்டுச் சென்றிருந்தார். சொத்துக்காக உடன்பிறந்தோர் வழக்காடுவதை யாழ்ப்பாணத்து நீதிமன்றங்கள் நன்கறியும். உயில் வழியே 204 வயிறுகளை முதுசமாகப் பெற்ற ஒருவரை எந்த நீதிமன்றமும் எளிதிற் கண்டிராது. சில பத்துக் கழுதைகளையே தம் நிலத்தில் வைத்திருந்த குடும்பம், ஒரு தொலைபேசி அழைப்போடு, இருநூறுக்கு மேற்பட்டவற்றுக்கு மேய்ச்சல் நிலமும் கொட்டிலும் வைக்கோலும் மருந்தும் தேடும் நிலைக்குத் தள்ளப்பட்டது. மறுத்திருந்தால் அவருக்குச் சட்டத்திற் குற்றமில்லை. கழுதைகளுக்கோ வேறு வழியில்லை. அவர் ஏற்றுக்கொண்டார். சிட்மவுத் நகருக்கு அருகிலுள்ள சிலேட் ஹவுஸ் பண்ணை அதன் பின்னர் அப்புகலிடத்தின் நிலையான இடமாயிற்று.

அந்த உயிலை எழுதிய பெண்மணியின் நிலையையும் இங்கு சிந்தித்தல் வேண்டும். இருநூற்று நான்கு என்பது ஒரே நாளிற் சேர்ந்த தொகையன்று. ஒவ்வொரு கழுதையும் ஒவ்வொரு நாளில், இதனை மட்டும் எடுத்துக்கொள்வோம் என்ற சொல்லோடு வாசலுக்குள் வந்திருக்கும். வேண்டாம் என்று சொல்லத் தெரியாமையே புகலிடங்களின் முதற் பகை. ஐம்பது விலங்குக்கு இருக்கும் வைக்கோலை நூறு விலங்குக்குப் பகிர்ந்தால் நூறும் அரைவயிற்றோடு நிற்கும். அன்பின் மிகுதியாலேயே இல்லம் சிறையாகிவிடும். விலங்குகளைச் சேர்த்துச் சேர்த்து இறுதியில் அவற்றையே வாட்டிய நல்ல உள்ளங்கள் பல நாடுகளில் உண்டு. ஆதலால் வாசலில் நின்று இன்று இடமில்லை என்று கூறுவதும், ஆண் விலங்குகளுக்கு விதையடித்து இனப்பெருக்கத்தைத் தடுப்பதும், பிழைக்காததை வலியின்றி முடிப்பதும் இரக்கத்திற்குப் புறம்பானவை அல்ல. அவையே இரக்கத்தின் கணக்குப் புத்தகம். அப்புத்தகத்தை எழுதாத புகலிடம் நெடுநாள் நிலைப்பதில்லை.

கணக்கோடு அறிவும் வேண்டும். கழுதையைச் சிறிய குதிரை எனக் கருதுவோர் அதனைக் கொன்றுவிடுவர் என்பது அதனைப் பேணுவோர் கற்ற முதற் பாடம். பாலைநிலத்தில் உருவான உடல் அதனுடையது. அதன் மயிர்ப் போர்வை மழைநீரைக் குதிரையினதைப் போல் தடுப்பதில்லை. நனைந்தால் ஊறிப் போகும். எனவே குளிர்நாட்டில் அதற்குக் கூரை இன்றியமையாதது. வரண்ட கற்றரையிற் தேய்வதற்கென அமைந்த குளம்பு ஈரமான மென்றரையில் தேயாது வளர்ந்து, வளைந்து, நடையையே முடக்கும். சில வாரங்களுக்கு ஒருமுறை அதனைச் சீவிச் சீர்படுத்துதல் வேண்டும். செழித்த புல் அதற்கு விருந்தன்று, நஞ்சு. உடல் கொழுத்துக் குளம்பினுள் அழற்சி உண்டாகும். எனவே பசும்புல்லைக் குறைத்து வைக்கோலைப் பெருக்குதல் வேண்டும். பசித்து வந்த விலங்குக்கு வயிறு நிறையப் போடக்கூடாது என்னும் கட்டளையைப் புதிதாக வரும் தொண்டர்களின் மனம் எளிதில் ஏற்பதில்லை.

இவற்றினும் நுண்ணியது கழுதையின் மனநிலை. குதிரை அஞ்சினால் ஓடும். கழுதை அஞ்சினால் நின்றுவிடும். நின்று நிலைமையை ஆராயும் அவ்விலங்கையே உலகம் முரண்டு பிடிப்பது என்றது. நோயுற்றாலும் அது எளிதிற் காட்டிக்கொள்ளாது. தலையைச் சற்றுத் தாழ்த்தி, மற்றவற்றினின்று சற்று விலகி நிற்பதே அதன் ஓலம். அதனைக் காண்பதற்கு ஒவ்வொரு விலங்கையும் ஒவ்வொரு நாளும் பார்த்துப் பழகிய கண் வேண்டும். மேலும், கழுதைகள் இரண்டிரண்டாக இணைந்து வாழும் இயல்பின. தாயும் சேயுமாகவோ உடன்பிறந்தனவாகவோ இருக்கவேண்டியதில்லை. ஒரே கொட்டிலில் நெடுநாள் நின்ற இரு கிழக் கழுதைகளும் அவ்வாறு பிணைப்புறும். ஒன்று இறந்தால் மற்றது தீனியை விடும். தீனி நின்றவுடன் உடலிற் சேர்ந்திருந்த கொழுப்புக் கரைந்து குருதியில் வெள்ளம்போலப் பாய்ந்து, ஈரலைத் தாக்கிச் சில நாட்களிலேயே அதனையும் கொன்றுவிடும். துயரத்தால் இறந்தது என்று பாமரர் சொல்லும்போது படித்தவர் நகைப்பதுண்டு. இங்கு பாமரர் சொல்லே மருத்துவரின் சொல்லுமாகும். ஆகவே நல்ல புகலிடங்களில் இணைந்த கழுதைகளைப் பிரிப்பதில்லை. ஒன்று இறந்தால், அதன் உடலை உடனே அகற்றாது, மற்றது அருகிற் சென்று முகர்ந்து, தானாகவே விலகி வரும்வரை விட்டுவைப்பர். சடலத்தின் அருகே ஒரு விலங்கு துக்கங் காக்க, மனிதர் கையைக் கட்டிக்கொண்டு வேலிப்புறம் காத்து நிற்பர்.

இத்தகைய சிறிய இல்லமொன்றை நடத்துவோரின் வாழ்வு பெரும்பாலும் ஒரே அச்சில் அமைந்தது. ஒரு கணவனும் மனைவியும், அல்லது இரு சகோதரிகள், அல்லது தனித்த ஒரு பெண்மணி. சில ஏக்கர் நிலம். உதவிக்கு இரண்டொரு தொண்டர். விடியுமுன் கொட்டிலின் சாணத்தை அள்ளுவதோடு நாள் தொடங்கும். பின்னர் தண்ணீர், வைக்கோல், மருந்து, புண் கழுவுதல். ஞாயிறும் திருநாளும் விலங்கின் வயிற்றுக்குத் தெரியாதாகையால் அவர்களுக்கும் இல்லை. உறவினர் வீட்டுத் திருமணத்துக்கு இருவரும் ஒருங்கே செல்லவியலாது, ஒருவர் தங்கவேண்டும். மழைக்காலத்துக்கு முன்பே வைக்கோலுக்குப் பணந் தேட வேண்டும். பார்வையாளருக்குக் குட்டியைக் காட்டினால் உண்டியல் நிறையும். பல் விழுந்த கிழக் கழுதையைக் காட்டினால் அவ்வளவு நிறையாது. செலவோ கிழக் கழுதைக்கே அதிகம். இரவிலே தொலைபேசி மணி அடிக்கும். எங்கோ ஒரு பள்ளத்தில் ஒன்று விழுந்து கிடப்பதாக ஒரு குரல் சொல்லிவிட்டு, தன் கடமை முடிந்த நிம்மதியோடு உறங்கச் செல்லும். கேட்டவருக்கு அதன் பின்னர் உறக்கமில்லை.

கழுதை முப்பது ஆண்டுகள்வரை, சிலவேளை அதற்கு மேலும், வாழவல்லது. ஐம்பது வயதில் ஒருவர் ஓர் இளங்கழுதையை ஏற்கும்போது, தம் எண்பதாவது வயதுக்கும் சேர்த்தே உறுதி கொடுக்கிறார். தாம் மறைந்தால் இவை என்னாகும் என்ற கவலையே இவர்களின் முதுமைக் கவலை. வயலட் பில்பினின் உயில் அக்கவலையின் எழுத்து வடிவமே அன்றி வேறில்லை.

தமிழ் மரபு உயிரிரக்கத்துக்குப் பெரும் பெயர்களைக் கொண்டது. முல்லைக்குத் தேர் ஈந்தான் பாரி. மயிலுக்குப் போர்வை அளித்தான் பேகன். கன்றை இழந்த பசுவின் மணியோசைக்குத் தன் மகனையே தண்டித்தான் ஒரு சோழன். அச்சோழனின் கதையை எல்லாளன்மேல் ஏற்றி மகாவம்சமும் கூறுகின்றது. பகைவனின் நடுநிலையைப் பதிவு செய்ய அதன் ஆசிரியர் தயங்கவில்லை. இவை யாவும் உயர்ந்த கதைகளே. ஆனால் இவை யாவும் ஒரு கணத்தின் கதைகள். பாரி தேரை விட்டுச் சென்ற மறுநாள் அக்கொடிக்கு நீர் வார்த்தவர் யார், பேகனின் போர்வை நனைந்து கிழிந்தபோது அதனைத் தைத்தவர் யார் என்பதைப் பாட்டுகள் சொல்லவில்லை. கொடை கணத்தில் நிகழ்வது; பேணுதலோ ஆண்டுக்கணக்கில் நிகழ்வது. கொடையைப் பாடப் புலவர் இருந்தனர். பேணுதலைப் பாட எவரும் இருந்ததில்லை. புகலிடங்களை நடத்துவோர் செய்வது இவ்விரண்டாவது வேலையையே.

மனிதரே அகதிகளாகவும் பட்டினியாகவும் வாழும் உலகில் கழுதைக்கு இல்லம் எதற்கு என்ற கேள்வி எழாமற் போகாது. போரும் இடப்பெயர்வும் கண்ட ஒரு மண்ணில் அக்கேள்விக்குக் கூர்மை அதிகம். அதனை இலேசாக ஒதுக்கிவிடுதல் நேர்மையாகாது. ஆயினும் இரக்கம் என்பது பானையிலுள்ள சோறு போன்றதன்று, ஒருவருக்கு இட்டால் மற்றவருக்குக் குறைவதற்கு. அது பயிற்சியாற் பெருகும் ஆற்றல். குதிரைகளுக்காகத் தொடங்கிய டொரதி புரூக் ஏழை வண்டிக்காரரிடம் வந்து சேர்ந்ததை மேலே கண்டோம். சுவெண்ட்செனும் 1970களின் பிற்பகுதியில், உடற்குறையும் உளக்குறையும் உள்ள சிறுவர்கள் கழுதைமேல் ஏறிச் சவாரி செய்து மகிழ்வதற்கென ஒரு நிலையத்தைத் தம் பண்ணையிலேயே அமைத்தார். பேச மறுத்த பிள்ளை, கேள்வி கேட்காத விலங்கின் கழுத்தைத் தழுவிக்கொள்வதுண்டு. ஒருவருக்கும் வேண்டாதது எனப்பட்ட விலங்கு, பலரும் ஒதுக்கிய பிள்ளைக்கு வேண்டியதாயிற்று.

பொருளியல் நோக்கிலும் இவ்விரண்டும் பிரிக்கற்பாலன அல்ல. உலகில் இன்று ஏறத்தாழ 5 கோடிக் கழுதைகள் உண்டு. அவற்றுட் பெரும்பாலானவை ஆபிரிக்கா, ஆசியா, இலத்தீன் அமெரிக்கா ஆகிய பகுதிகளின் வறிய குடும்பங்களுக்காக நீரும் விறகும் விளைபொருளும் சுமக்கின்றன. சீன மரபு மருத்துவத்தில் ‘எஜியாவ்’ எனப்படும் பொருள் கழுதைத் தோலைக் காய்ச்சி எடுக்கப்படுவது. அதன் தேவை பெருகியதால், ஆபிரிக்க நாடுகளிற் கழுதைகள் பெருந்தொகையாக வாங்கியும் திருடியும் கொல்லப்பட்டன. கழுதை களவுபோன வீட்டிற் சுமை மறைந்துவிடுவதில்லை. பெண்ணின் தலைக்கும், பள்ளிக்கூடம் செல்லவேண்டிய பிள்ளையின் தோளுக்கும் அது இடம் மாறுகின்றது. 2024 பெப்ரவரியில் ஆபிரிக்க ஒன்றிய நாடுகள், தோலுக்காகக் கழுதைகளைக் கொல்வதைப் பதினைந்து ஆண்டுகளுக்குத் தடைசெய்ய உடன்பட்டன. கழுதைப் புகலிடங்களை நடத்துவோர் அத்தடைக்காகப் பல ஆண்டுகள் குரல் எழுப்பியவர்கள் ஆவர். கொட்டிலிற் சாணம் அள்ளியவர்களின் சொல்லுக்கு அரசுகளின் அவையிலும் எடை இருந்தது. அவர்கள் அறிந்துபேசினர்.

மன்னாரிலும் இப்பணிக்கு ஒரு தொடக்கம் வாய்த்தது. ‘பிரிட்ஜிங் லங்கா’ என்னும் தொண்டு நிறுவனத்தின் முயற்சியாற் கழுதைகளுக்கென ஒரு சிகிச்சை நிலையமும் அறிவூட்டல் நிலையமும் அங்கு உருவாயின. கால் முறிந்தவையும் நாய் கடித்தவையும் தாயிழந்த குட்டிகளும் அங்கு கொண்டுவரப்பட்டன. எவருக்கும் உரியதல்லாத விலங்குக்கு மருந்து போடுதல் ஒருபுறமிருக்க, அதனை ஊரார் கண்ணில் மதிப்புடையதாக்குதல் அதனினுங் கடினமான வேலையாகும். குருத்தோலை ஞாயிறன்று கிறிஸ்து எருசலேமுக்குள் நுழைந்தது கழுதையின் மேலேயே என்பதை மன்னாரின் கத்தோலிக்கக் குடும்பங்கள் ஆண்டுதோறும் ஆலயத்திற் கேட்கின்றன. பிரசங்கத்திற் கேட்ட கழுதையும் வீதியிற் கிடக்கும் கழுதையும் ஒன்றே என்னும் உணர்வு பிறப்பதற்கு, வீதியிற் கிடப்பதைத் தூக்கி எடுக்கும் ஒருவரை ஊரார் தம் கண்ணாற் காணவேண்டும். குழந்தைகள் அதனைக் காணவேண்டும். கல்லெறியப் பழகிய கை தீனி கொடுக்கப் பழகுவதற்கு நூறு சொற்பொழிவுகளிலும் ஒரு கட்டுப்போட்ட கால் பயன் தரும்.

டெவனின் முறை முழுதும் மன்னாருக்குப் பொருந்தாது. அங்கு ஈரத்தினின்று காத்தல் வேண்டும். இங்கு கோடையிற் தண்ணீரும் நிழலும் கொடுத்தல் வேண்டும். திரியும் கழுதைகள் அனைத்தையும் பிடித்து வேலிக்குள் அடைத்தலும் ஆகாது. பல தலைமுறைகளாகத் திறந்த வெளியில் கூட்டமாக வாழ்ந்தவற்றுக்கு ஊரே புகலிடமாதல் வேண்டும். தண்ணீர்த் தொட்டிகள், மூடப்பட்ட குப்பை மேடு, இரவில் வாகனங்களின் வேகக் கட்டுப்பாடு, இனப்பெருக்கத்தை அளவுபடுத்தும் மிருக வைத்தியர் ஆகியவை அமைந்தால் வேலியின்றியே ஒரு புகலிடம் உருவாகிவிடும். தண்ணீர்த் தொட்டியும் ஆவுரஞ்சிக் கல்லும் அமைத்த மரபுக்கு இது அந்நியமான சிந்தனை அன்று. பயன் தந்த விலங்கோடு நின்றுவிட்ட அம்மரபைப் பயன் தீர்ந்த விலங்குக்கும் நீட்டுவதே வேண்டப்படுவது.

எலிசபெத் சுவெண்ட்சென் 2011இல் மறைந்தார். 1969இல் ஒரு கழுதையோடு தொடங்கிய அவருடைய பணி, அவர் இல்லாத பின்னரும், உள்ளே வந்த ஒவ்வொரு விலங்குக்கும் அதன் இறுதிநாள் வரை இடமுண்டு என்ற உறுதியோடு நடைபெறுகின்றது. எல்லாச் சிறிய இல்லங்களுக்கும் அப்பேறு வாய்ப்பதில்லை. பல இல்லங்கள் நடத்தியவரோடு மூடப்படுகின்றன. நிலம் விற்கப்படுகின்றது, விலங்குகள் பிரிக்கப்படுகின்றன. ஒருவர் தூக்கிய சுமையை மற்றொருவர் தோள்மாற்றிக்கொள்ளும் இடத்திலேயே தனிமனிதரின் நல்லெண்ணம் ஒரு சமூகத்தின் பண்பாக மாறுகின்றது. வயலட் பில்பின் தாம் பெயரறிந்த ஒருத்தியை நம்பி இருநூற்று நான்கு கழுதைகளை எழுதிவைத்தார். அந்த நம்பிக்கை வீண்போகவில்லை. மன்னாரில் இன்று ஒரு குட்டியைத் தூக்கி எடுப்பவர் தம் உயிலில் எழுதுவதற்கு யாருடைய பெயர் இருக்கிறது என்பதே எஞ்சி நிற்கும் கேள்வி.